சப்பரம் இழுத்த டீசல் ஜீப்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் எரியோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். கணவர் விவசாயம் பார்த்தார். முட்டுகிற மாட்டுக்கும் கிணற்றடிப் பாம்புக்கும் அஞ்சாத மனிதர். ஸ்டீயரிங்கைத் தொட்டால் மட்டும் கை நடுங்கும். ஆகவே எங்கள் வீட்டில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். விடிந்ததும் தக்காளியையும் கத்தரிக்காயையும் திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு அப்படியே பள்ளிக்குப் போய்விடலாம் என்று, சிறுமலையில் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கினேன். பார்த்தது, ஓட்டிப் பார்த்தது, முடிவு செய்தது எல்லாம் நான்தான்.

ஊர் அதற்கு எருமை என்று பெயர் வைத்தது. அதைவிட எனக்கு எரிச்சலூட்டியவர் என் கொழுந்தன். வேடசந்தூர் மில் ஒன்றில் சூப்பர்வைசர். மெஷின்களோடு பழகியவர் சொன்னால் ஊர் நம்பும் அல்லவா?

"மதினி, ஒங்க தலையில நல்லாக் கட்டிவிட்டுட்டாய்ங்க" என்றார்.

அடுத்த வருஷமே அவர் ஒரு புது வெள்ளை பெட்ரோல் கார் வாங்கினார். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போதெல்லாம் அதன் குதிரை சக்தி புராணம்தான். என் ஜீப்பைவிட அதற்கு அதிகம் என்பது உண்மை. மதுரை ரோட்டில் ஹாரன் அடித்துவிட்டு என்னைத் தாண்டிப் பறப்பார். நான் விட்டுக்கொடுப்பேன், மனசுக்குள் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குதிரை சக்தி வேறு, இழுக்கிற பலம் வேறு என்பதை வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் அடுப்படியை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். மிக்சி ஒரு நொடியில் தேங்காயைச் சட்னியாக்கிவிடும். அதிலேயே ஊறின உளுந்தைக் கெட்டியாகப் போட்டால் முனகும், சுடும், கருகல் வாசனை வரும். கிரைண்டர் மெதுவாகத்தான் சுற்றும்; ஆனால் எவ்வளவு கெட்டி மாவானாலும் கல் நிற்காது. அந்தச் சுற்றுகிற பலம்தான் டார்க், நம் புத்தகத்தில் முறுக்கு விசை. அந்தப் பலத்தோடு எவ்வளவு வேகமாகச் சுற்ற முடிகிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் குதிரை சக்தி. ரோட்டில் பறக்கக் குதிரை சக்தி வேண்டும். நிற்கிற பாரத்தை அசைக்க முறுக்கு விசை வேண்டும். டீசல் என்ஜின் அதை மெதுவாக ஓடும்போதே கொடுத்துவிடும். அந்தப் பெட்ரோல் காருக்கோ என்ஜின் வேகமெடுத்தால்தான் பலம் வரும்.

பிள்ளைகளுக்குப் புரிந்தது. கோவில் கமிட்டிக்குத்தான் புரியவில்லை.

எங்கள் ஊர்த் திருவிழாவில் மாதா சப்பரத்தை ஒரு காலத்தில் ஆட்கள் தோளில் தூக்கினார்கள். பிறகு அதை இரும்புச் சக்கரம் வைத்த மேடையில் ஏற்றி, சீரியல் லைட்டும் அதற்கொரு ஜெனரேட்டரும் வைத்து, வண்டியில் கட்டி இழுக்க ஆரம்பித்தார்கள். அந்தந்த வருஷம் ஊரில் யார் புது வண்டி வாங்கினார்களோ, அவர்கள் வண்டிதான் இழுக்கும். வழக்கமாக அது டிராக்டராக இருக்கும். மழை பொய்த்த அந்த வருஷம் யாரும் டிராக்டர் வாங்கவில்லை. புது வண்டி என்று இருந்தது கொழுந்தனின் கார் மட்டும்தான்.

கமிட்டித் தலைவர் என் கணவருக்குத் தாய்மாமா. கூட்டத்தில் எழுந்து நின்று அவரிடம் சொன்னேன்: "மாமா, காரு இழுக்கும். ஆனா வீட்டுக்கு வீடு நின்னு நின்னு இழுக்காது. கிளட்ச் கருகிப்போகும். என் ஜீப்பக் கட்டுங்க."

"மாதாவுக்குப் பழசையா கட்டச் சொல்ற?" என்றார் அவர்.

கொழுந்தன் சிரித்தார். "எருமைய மாதாவுக்கு முன்னாடி கட்டுனா நல்லாவா இருக்கும், மதினி?"

கூட்டமே சிரித்தது. எனக்குக் காது வரை சுட்டது. ஜீப்பைச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்பதுதான் அந்தச் சிரிப்பு. அன்றைக்கு நான் உட்கார்ந்துவிட்டேன். கோபம் மட்டும் உட்காரவில்லை.

திருவிழா அன்று பொழுது சாயச் சப்பரம் புறப்பட்டது. ஒவ்வொரு வாசலிலும் நிற்க வேண்டும். அந்த வீட்டார் மெழுகுவர்த்தி ஏற்றி மாலை போட்ட பிறகு மறுபடி கிளம்ப வேண்டும். பாவம் கொழுந்தன், கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டே என்ஜினை உறுமவிட்டு ஒவ்வொரு முறையும் காரை நகர்த்தினார். கண்மாய்க் கரை ஏற்றம் வரும் முன்பே சாம்பிராணியையும் மீறிக் கருகல் வாசனை. ஏற்றத்தில் என்ஜின் கத்தியது, சக்கரம் அசையவில்லை. சப்பரம் பின்னால் சரிந்துவிடாமல் நாலைந்து பேர் ஓடிவந்து கல்லை முட்டுக் கொடுத்தார்கள். பங்குச் சாமியார் மைக்கில் செபமாலையை நீட்டிக்கொண்டே போனார்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் ஜீப்பை எடுத்து வந்தேன்.

தலைவர் வழி மறித்தார். "டிரைவர் யாரு?"

"நான்தான் மாமா. வேற யாருக்கு இது படியும்?"

அவர் திரும்பிச் சப்பரத்தைப் பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்தது. சப்பரம் இன்னும் கண்மாய்க்கு அந்தப் பக்கத் தெருக்களுக்குப் போகவில்லை, அங்கே வாசலுக்கு வாசல் ஜனங்கள் காத்திருந்தார்கள். வழியை விட்டு விலகினார். கொழுந்தனே காரை அவிழ்த்துத் தள்ளிவிட்டு, ஜீப்பில் சங்கிலியை மாட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

லோ கியரைப் போட்டேன். கியர் செய்வதும் அதே கணக்குத்தான். வேகத்தைக் குறைத்துக்கொண்டு பலத்தைக் கூட்டித் தரும். கிளட்சை முழுதாக விட்டேன். ஆக்சிலேட்டரில் காலே வைக்கவில்லை. ஜீப் ஒருமுறை உதறிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஏற ஆரம்பித்தது. சங்கிலி விறைத்தது, சப்பரம் அசைந்தது. பின்னால் "மரியே வாழ்க" என்று ஊரே கத்தியது. மாதாவுக்குத்தான் கத்தினார்கள், அதில் என் ஜீப்புக்கும் பங்கு உண்டு என்று நான் எடுத்துக்கொண்டேன். மேட்டைத் தாண்டி ஒவ்வொரு வாசலிலும் நின்றோம், ஒவ்வொரு வாசலிலும் குலுங்காமல் கிளம்பினோம்.

சப்பரம் கோவில் வந்து சேர்ந்ததும், இழுத்து வந்த வண்டிக்காரரை மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போடுவது வழக்கம். தலைவர் மைக்கைப் பிடித்து என் கணவரின் பெயரைச் சொல்லி அழைத்தார். கூட்டத்தில் நின்ற என் கணவர் இருந்த இடத்திலிருந்தே உரக்கச் சொன்னார்: "மாமா, ஓட்டுனது நானில்ல. வண்டியப் பாத்து வாங்குனதும் நானில்ல."

தலைவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த துண்டைப் பார்த்தார். ஒரு பெண்ணுக்கு அதை எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் மேடையேறிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"போடுங்க மாமா. எனக்கும் தோளு இருக்கு."

போட்டார். அதைத் தோளில் போட்டபடியே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் கொழுந்தன்.