சாக்குச் சுவரும் நிலாக் கல்லும்

1969 ஆடி மாதத்தில் எங்கள் லயத்துக்கே பேப்பர் வாசித்துக் காட்டியவன் நான்தான். இலங்கையில் கரவனெல்லைக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டம்; கூலி ஆட்களின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். புகைக்கூடத்தில் றப்பர் ஷீட்டுகளைக் காயப்போட்டுப் புரட்டுவது என் வேலை. கிளாக்கர் ஐயா படித்து முடித்த பேப்பர் இரண்டு மூன்று நாள் கழித்து என் கைக்கு வரும். வாசிக்கத் தெரிந்தவனுக்கு லயத்தில் ஒரு மரியாதை இருந்தது. அது என் தலைக்கு நன்றாகவே ஏறியிருந்தது.

நிலாவுக்குப் போனவர்கள் அங்கே இறங்கிய கதையைவிடத் திரும்பி வந்த கதைதான் எங்கள் ஆட்களைப் பிடித்துக்கொண்டது. என்ன கிருமி ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்று அவர்களை மூன்று வாரம் அடைத்து வைத்தார்கள். கொண்டுவந்த கல்லையும் மண்ணையும் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு பொருத்திய கையுறைக்குள் கையை விட்டுத்தான் தொட்டார்கள். அந்த மண்ணை எலிகளுக்கு ஊசியில் ஏற்றி, சாகிறதா என்று பார்ப்பார்களாம். இந்தியாவிலிருந்து கப்பலேற்றும் முன் மண்டபம் கேம்பில் நம்மையும் நோய்க்குப் பயந்து இப்படித்தானே அடைத்து வைத்தார்கள் என்று ஒரு கிழவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நிறைமாதமாக இருந்த என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த எலிங்க என்னாச்சுன்னு வந்தா எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

ஒரு வரியை மட்டும் நான் வாசிக்காமல் விட்டேன். அவர்கள் திரும்பி வந்த கூண்டு கடலில் விழுந்ததும் அங்கேயே கதவைத் திறந்துதான் ஆட்களை வெளியே எடுத்தார்கள் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் உள்ளே இருந்த காற்று? நல்ல கதையைக் கெடுப்பானேன் என்று தாண்டிப் போய்விட்டேன்.

அந்த வாரமே, இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த என் தம்பி காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தான். மறுநாள் முகமெல்லாம் கொப்புளம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். என் மனைவிக்கு முன்பு அம்மை போட்டதில்லை என்று கேட்டறிந்ததும் அவர் முகம் மாறியது.

"மனிசிய இண்டைக்கே தாய் வீட்டுக்கு அனுப்பும். பிள்ளைக்குக் கூடாது."

தாய் வீடு ஓப்பநாயக்கவில் இருந்தது. மாரியாத்தா வந்த வீட்டுக்காரர்கள் தண்ணீர் ஊற்றும்வரை இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, அதுவும் ஆடி மாதத்தில், என்று லயத்தார் சொன்னார்கள். ஊர் சொன்னதால் அனுப்பவில்லை என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய். நிலாக்காரர்கள் செய்ததை நானும் செய்துகாட்ட ஆசைப்பட்டேன்.

உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, எங்கள் வீடான ஒற்றை அறைக் காம்பராவின் நடுவில் சுவர்போலக் கட்டினேன். அந்தப் பக்கம் தம்பி, வேப்பிலையோடு. இந்தப் பக்கம் அவளும் அடுப்பும். தம்பிக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு. அவனைத் தொட்டுவிட்டு வந்தால் கார்பாலிக் சோப்பால் முழங்கைவரை கழுவுவேன். நிலாக்காரர்களைப் போல மூன்று வாரம் எண்ண, அடுப்புக் கரியால் சுவரில் தினம் ஒரு கோடு போட்டேன். நிலா வீடு என்று லயத்தில் கேலி செய்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாக்கை என் கை எட்டிய உயரத்துக்குத்தான் கட்டியிருந்தேன். கூரைவரை அடைத்தால் அடுப்புப் புகை போக வழியிருக்காது. ஒரு காலையில் அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது, புகை சாக்குக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. தம்பி இருமினான். புகை எங்கே போகும், காற்று எங்கிருந்து திரும்பும் என்று பார்ப்பதற்குத்தான் தோட்டம் எனக்குச் சம்பளம் தந்தது. அன்று நான் அதைப் பார்த்துக்கொண்டே ரொட்டி தின்றேன்.

தம்பிக்குக் கொப்புளம் காய்ந்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பதினைந்தாவது கோடு போட்ட அன்று அவளுக்கு உடம்பு கொதித்தது.

ஆஸ்பத்திரியில் கொப்புளத்தோடுதான் பெற்றாள். பெண் பிள்ளை. தாயையும் பிள்ளையையும் தனியறையில் வைத்திருந்தார்கள். எனக்கும் முன்பு அம்மை போட்டதா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லாததால், கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பிள்ளையைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் அதன் உடம்பிலும் கண்டது. பிள்ளை பன்னிரண்டு நாள்தான் உயிரோடு இருந்தது. முதல் நாளே தொற்றியிருக்கலாம், சாக்கின் குற்றம் இல்லை என்று டிஸ்பென்சர் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அன்று எனக்காகக் கஷ்டப்பட்டுச் சொன்னார்.

அவளைக் கூட்டிவந்த பிறகு, சேர்ந்து கிடந்த பேப்பர்களை அடுப்புக்குக் கிழித்துக்கொண்டிருந்தேன். நிலாக்காரர்கள் சுகமாக வெளியே வந்துவிட்டதாக ஒன்றில் இருந்தது. நான் வாசிப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"எலிங்களப் பத்திப் போட்டிருக்கா?"

போட்டிருந்தது. இந்த முறை வரியைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.

"ஒன்னுகூடச் சாகலயாம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு எழுந்து போய், சுவரில் நான் போட்டிருந்த கரிக்கோடுகளை ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.