தவக்காலத்தில் விட்ட குளிசை

ஊரில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நாட்டில், சென்ட் லோரன்டில் ஒரு வாடகை வீட்டில் நானும் கணவரும் இருந்தோம். பிள்ளை வயிற்றில் வருவதற்கு முந்திய குளிர்காலத்தில் எனக்கு மனச்சோர்வு பிடித்தது. குளிக்கக்கூட மனம் வராமல் கிடந்தேன். குடும்ப டொக்டர் தந்த குளிசைதான் என்னை ஒருமாதிரி எழுப்பி நிறுத்தியது. மறுபடி சமைத்தேன், மறுபடி கணவரோடு சண்டை பிடித்தேன். அந்தச் சண்டையைக் கேட்டு அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும், குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம், அடுத்த முறை வரும்போது கதைப்போம் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். அந்த இடைவெளியில் தவக்காலம் வந்தது. திருநீற்றுப் புதனன்று பூசை முடிந்து வெளியே வந்ததும், இந்த முறை என்ன ஒறுத்தல் என்று பெண்கள் கூடிக் கதைப்பது எங்கள் பங்குக் கோயிலில் வழக்கம். ஒருத்தி இறைச்சியை விடுவதாகச் சொன்னாள், இன்னொருத்தி டிவி நாடகத்தை. நான் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விடப்போகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு, மனதுக்குள் குளிசையை விட்டேன். இல்லாமல் இருக்க முடியாத ஒன்றை விட்டால்தானே பிள்ளையைக் கடவுள் காப்பாற்றுவார்? அவரோடு பேரம் பேசும் கெட்டித்தனம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

சில நாளிலேயே தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல இருந்தது. பிறகு பழைய இருட்டு வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. ஏறவேண்டிய நிறை இறங்கியது. கணவர் விஷயத்தைக் கண்டுபிடித்து என்னை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டொக்டர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல கணவர் எனக்குத் தமிழில் சொன்னார். அந்தக் குளிசை உடம்பில் கூட்டுகிற செரட்டோனின் என்பது மனதைச் சரிப்படுத்தும் சாமான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வயிற்றுப் பிள்ளைக்குள் அதற்கு வேறு உத்தியோகமாம். மூளை உருவாகும்போது எந்தக் கலம் எங்கே போய்க் குடியிருக்கவேண்டும், எதோடு எது தொடுக்கவேண்டும் என்பதில் அதற்கும் பங்கு உண்டாம். ஆரம்பத்தில் அதில் கொஞ்சம் தாயின் பக்கமிருந்தே போகுமாம். கூடினாலும் குறைந்தாலும் பாதிக்கலாமாம். குளிசையும் பிள்ளைக்குப் போகும், அது என்ன செய்யும் என்று இன்னும் சரியாகத் தெரியாது. ஆனால் தாய் சாப்பிடாமல் உறங்காமல் கிடப்பதும் பிள்ளையைத் தொடும்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பயத்தோடு வந்தவளை இரண்டு பயத்தோடு அனுப்புகிறாரே.

"அப்ப நான் என்ன செய்தாலும் பிழைதானே?" என்று கேட்டேன்.

கணவர் அதை டொக்டருக்குச் சொல்லவில்லை. "நீ இருந்தாத்தான் பிள்ளை. குளிசையைப் போடு," என்றார். அது டொக்டர் சொன்னதா, அவராகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

தவக்காலம் முடியும் உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்பே ஒறுத்தலை முறித்தேன். பிள்ளைக்கும் துரோகம், கடவுளுக்கும் துரோகம் என்று அழுதுகொண்டுதான் குளிசையை விழுங்கினேன்.

மகள் பிறந்தபோது கையும் காலும் நடுங்கின. குளிசையால் வருவதுதான், சில நாளில் போய்விடும் என்றார்கள். போய்விட்டது. எனக்குத்தான் பயம் போகவில்லை. அவள் பிந்திக் கதைத்தாள், குளிசை போட்டதால் என்று நினைத்தேன். சத்தத்துக்குப் பயந்தாள், குளிசையை நிறுத்தியதால் என்று நினைத்தேன். பகலில் அவளை விடும் கார்டெரியில் வேறு ஒரு பிள்ளை அழ இவளும் சேர்ந்து அழுதாள் என்றார்கள். அதற்கும் என்னிடம் காரணம் இருந்தது. பிள்ளைகளுக்கான டொக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று பஸ்ஸில் வழிநெடுகப் புறுபுறுத்தேன்.

கணவருக்குப் பொறுமை போய்விட்டது. "பிள்ளையைப் பிள்ளையாப் பார். எந்த நேரமும் சோதினைப் பேப்பர் திருத்திற மாதிரிப் பாக்காதை," என்றார்.

மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது, ஒருநாள் காலைச் சாப்பாட்டில் பால் கோப்பை கைதவறி விழுந்தது. நான் ஏசவில்லை. அவள் கை நடுங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டு, "பார்தோன், அம்மா," என்றாள்.

"பால்தானே குஞ்சு, அதுக்கு ஏன் மன்னிப்பு?" என்று தகப்பன் கேட்டார்.

"பாலுக்கு இல்லை அப்பா," என்றாள். "அம்மா பாக்கிறா."