சாய்ஸில் விட்ட கேள்வி

பன்னிரண்டாம் வகுப்பில் நான் ஆங்கிலத்தில் பெயில். மற்ற பாடங்களில் எல்லாம் பாஸ். இதைச் சொல்ல எனக்கு இன்றுவரை வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் பட்டதாகத் தெரியவில்லை, அதனால் நானும் படவில்லை.

பல்லடத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தைப் பாதி படிப்போம், பாதியைச் சாய்ஸில் விடுவோம். கேள்வித்தாளில் 'ஏதேனும் ஒன்றுக்கு விடையளி' என்று இருக்கும் அல்லவா, அதில் எந்த ஒன்றை எழுத வேண்டாம் என்று ஆங்கில வாத்தியார் வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். கடிதமும் கட்டுரையும் மனப்பாடம். இலக்கணத்தில் பார்ட்டிசிப்பிள், ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ் என்று ஒரு பகுதி வரும். தானாக வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் இன்னொரு வினைக்காகக் காத்து நிற்கிற சொற்கள். அந்தப் பக்கங்களை அவர் புரட்டுகிற வேகத்தில் முன் பெஞ்சுக்குக் காற்று வரும்.

"தமிழ் மீடியப் புள்ளைங்களுக்கு இது ஏறாது. சாய்ஸ்ல உட்ருங்க" என்பார்.

எங்களுக்கு முந்தைய செட் அப்படித்தான் விட்டது. அதற்கும் முந்தைய செட் அப்படித்தான். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வது மாதிரி அந்தப் பழக்கம் எங்களிடம் வந்தது. ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

எங்கள் வருடம் அந்தக் கேள்விக்குச் சாய்ஸ் இல்லை. இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கு, இந்த வினையை அந்த வடிவத்துக்கு மாற்று என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். பரீட்சை ஹாலில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி ஒருவரையொருவர் பார்த்தோம். விளிம்பில் நின்ற எல்லோரும் விழுந்தோம். அதில் நான் ஒருத்தி.

வீட்டில் யாரும் அழவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு நிம்மதிதான் தெரிந்தது. அதுதான் என்னைச் சுட்டது. வீட்டை ஒட்டி அப்பாவின் தறிக்குடோன் இருந்தது. விசைத்தறிகள் காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை ஓடும். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடி ஊடை நூலை விடுகிற நாடாவுக்குள் மாட்டுகிற நூல் கட்டையைத் தார் என்போம். தார் தீரத் தீர மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் சுற்றித் தர ஓர் ஆள் எப்போதும் வேண்டும். எங்களுக்குச் சுற்றிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். இடம் காலியாக இருந்த நேரத்தில் நான் பெயிலாகி வந்து நின்றேன்.

"போனாப் போகுது உடு கண்ணு. தார் சுத்து. தை பொறந்ததும் மாப்பிள்ளை பாத்துப்போடலாம்" என்றார் அப்பா.

"அக்டோபர்ல மறுக்கா எழுதறேனுங்கப்பா."

"எழுதி?"

"கோயமுத்தூர்ல காலேஜுக்குப் போறேனுங்க."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"எழுதிக்கோ. ஆனா தறி நிக்கக் கூடாது. தார் இல்லாம ஒரே ஒரு தறி நின்னாலும் அன்னைக்கே பொஸ்தகத்தைக் கட்டி வெச்சரோணும். அக்டோபர்லயும் போச்சுன்னா அப்பறம் பேச்சே இல்லை."

"செரிங்க" என்றேன். அப்பா சொன்னது நியாயம்தான் என்றாள் அம்மா. தறிக்கு அது நியாயம்தான்.

முதல் வேலையாக ஆங்கிலப் புத்தகத்தில் வாத்தியார் விடச் சொன்ன பக்கங்களை மட்டும் கிழித்தேன். தார் மெஷினுக்கு எதிரே சுவரில் கஞ்சிப் பசை தடவி ஒட்டினேன். கடிதத்தையும் கட்டுரையையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எது எனக்கு ஏறாது என்றார்களோ அதைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். சொல்லித்தர ஆளில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் தலைகால் புரியவில்லை.

அப்போது அம்மா ஒரு நாள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "தாரைச் சுத்திப்போட்டு, தண்ணி புடிச்சு வெச்சுப்போட்டு, சோத்தைத் தின்னுபோட்டு அப்பறமாப் படிங்கம்மணி." தினமும் சொல்வதுதான். அன்றைக்குத்தான் காதில் சரியாக விழுந்தது. சுத்திப்போட்டு, வெச்சுப்போட்டு, தின்னுபோட்டு, எல்லாம் முடியாமல் நிற்கிற வினைகள். எங்கள் வீட்டில் விடிந்ததிலிருந்து புழங்குகிற பேச்சைத்தான் எங்களுக்கு ஏறாது என்று ஒருவர் வருடா வருடம் புரட்டித் தள்ளியிருக்கிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அம்மாவின் வாக்கியத்தில் படிப்பு மட்டும் எப்போதும் கடைசியில் வந்தது வேறு கோபம்.

தறிக்குடோனுக்குள் வாய்விட்டுப் பேசிப் பயனில்லை. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. தறி ஓட்டுகிறவர்கள் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தது, டீ வந்தது, யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் உதட்டிலேயே ஓடும். குடோனில் வளர்ந்த எனக்கும் அது பழக்கம். ஆனால் படிப்பை நான் உதட்டில் வைத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். கை தார் சுற்றும், கண் சுவரில் இருக்கும், வாய் கத்தும். டூ கோ, கோயிங், கான். டூ பிரேக், பிரேக்கிங், புரோக்கன். ஹேவிங் கான், ஹேவிங் புரோக்கன். ஒவ்வொரு வினையையும் வாத்தியார் முகத்தில் எறிவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். நன்றாக மனதில் நின்றது.

அந்த நாட்களில் அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் சுவரைப் பார்த்து உட்கார்வார். ஏதாவது கேட்டால் அம்மாவிடம் பதில் சொல்வார். படிப்பதுதான் பிடிக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். பிடிக்காவிட்டால் போகட்டும். தார் ஒரு நாளும் குறையவில்லை, தறி நிற்கவில்லை, அவர் வாயைத் திறக்க வழியில்லை.

ஒரு நாள் மதியம் நான் வழக்கம்போல் கத்திக்கொண்டிருந்தேன். "ஹேவிங் லாஸ்ட் த கீ, ஹி புரோக் த டோர்." சாவியைத் தொலைத்துவிட்டு ஒருவன் கதவை உடைக்கிறான். அவன் கதவுக்கு வந்த நேரம் கரண்ட் போய்விட்டது. தறிகள் எல்லாம் சட்டென்று நிற்க, "புரோக் த டோர்" மட்டும் குடோன் முழுக்கக் கேட்டது.

தறிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோடியில் நின்ற அப்பாவும் பார்த்தார்.

"கரண்ட் நின்னதுக்கு நான் பொறுப்பில்லீங்க" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "இதைத்தான் இத்தனை நாளாச் சொல்லிட்டு இருந்தியா?" என்றார்.

"பின்ன என்னன்னு நெனச்சீங்க?"

என் மெஷினுக்கு அடுத்த தறியை ஓட்டுகிற அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "நீ அவரைத் திட்டறேன்னு நெனச்சுட்டு இருந்தாரு கண்ணு. என்ன சொல்லித் திட்டறாள்னு எங்கிட்டயே கேட்டாரு. எனக்கும் வாயைப் பாத்துப் புரியலை. ஆனா நல்லாக் கோவமாத்தான் சொல்லுதுங்கன்னு சொல்லிப்போட்டேன்."

குடோனே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"திட்டோணும்னா கரண்ட் இல்லாதப்பத் திட்டுவேனுங்கப்பா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி" என்றேன்.

மற்றவர்களுக்கு முன்னால் நாக்கு நீளம் என்று அம்மா பிறகு என்னைக் கடிந்துகொண்டாள். இருக்கட்டும். ஆனால் ஒன்று எனக்குத் தைத்தது. தினமும் காலையிலிருந்து மாலைவரை மகள் தன்னைத் திட்டுகிறாள் என்று நம்பியிருக்கிறார். அப்படியும் சுவரில் ஒட்டிய தாள்களில் அவர் கை வைக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அதற்காக நான் இளகிவிடவில்லை, அவரும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. தறி நிற்கக் கூடாது என்பது அப்படியேதான் இருந்தது.

பரீட்சைக்கு முந்தைய வாரம் முழுக்கக் கூடுதலாகத் தார் சுற்றிப் பெட்டிகளில் நிரப்பினேன். பரீட்சை நாள் காலையில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னைக்குப் பூராத்துக்கும் தாரு இருக்குதுங்க. தறி நிக்காது. நான் வாரேனுங்க." அவர் பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. பயமெல்லாம் இல்லை. சத்தம் இல்லை, அதுதான் காரணம். தறிச் சத்தத்தோடு சேர்த்தே படித்த பாடம், அந்த அமைதியில் ஒரு வரிகூட எழும்பி வர மறுத்தது. கேள்வித்தாளில் அதே கேள்விதான் இருந்தது. தை மாதமும் மாப்பிள்ளையும் கண் முன்னால் வந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, குடோனில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். டூ கோ, கோயிங், கான். மெல்ல வந்தது.

"ஏம்மா, யார்கிட்டப் பேசறே?" என்று ஹாலில் நின்ற சார் வந்துவிட்டார்.

"பேசலீங்க சார். சத்தம் வந்துதுங்களா?"

"வரலை. வாய் அசையுதே?"

"வாய் அசையக் கூடாதுன்னு ஹால் டிக்கெட்ல போடலீங்களே சார்."

அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நிற்கட்டும். என்னைச் சாய்ஸில் விடவைத்த அந்தக் கேள்வியை முதலில் எழுதினேன், ஒரு வரி விடாமல். அதற்குப் பிறகுதான் கடிதத்துக்கும் கட்டுரைக்கும் போனேன். மணி அடித்தபோதும் அவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு வந்த அன்று பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்தேன். பாஸ். ஆங்கில வாத்தியார் வராந்தாவில் எதிரே வந்தார். "பரவால்லையே, எப்படிம்மா?" என்றார்.

"சாய்ஸ்ல உடலீங்க சார்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது உச்சி வெயில். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா குடோனின் மறுகோடியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். வாசலில் நின்று அவர் நிமிர்கிறவரை காத்திருந்தேன். நிமிர்ந்ததும் உதட்டை அசைத்தேன். பாஸுங்க.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று காட்டினார். மறுபடி சொன்னேன். மறுபடியும் தலையை ஆட்டினார். பிறகு நூலை விட்டுவிட்டுச் சுவரோரம் நடந்து போய், மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார்.

ஓடுகிற தறியைப் பாதியில் நிறுத்தினால் துணியில் கோடு விழும். அதற்குப் பயந்து, சாப்பாட்டு நேரத்தில்கூட ஆள் மாற்றி ஓட்டுகிற குடோன் அது. பகலில் கரண்ட் இருக்கும்போது எல்லாத் தறியும் நின்று நான் பார்த்ததில்லை. என்னாச்சு, என்னாச்சு என்று அக்கா ஓடி வந்தார்.

"இப்பச் சொல்லு கண்ணு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி" என்றார் அப்பா.

பாஸ் என்று நான் திரும்பச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தெரிந்துவிட்டதே.

"ஜூன்ல நான் காலேஜுக்குப் போறேனுங்கப்பா" என்று கத்தினேன், தறி ஓடும்போது கத்துகிற அதே தொண்டையில்.