நான்கு நிமிடம்

தாய்லாந்தின் சியாங்மாய் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக ரம்பாய்க்கு ஒரே வேலைதான். டாக்டர் முதுகெலும்பைத் திறந்து திருகாணி இறக்கும்போது, நோயாளியின் தலையில் லேசாக மின்சாரம் கொடுப்பாள். கால் தசையில் குத்திய ஊசி வழியாகத் திரையில் அலை எழும்பினால் நரம்பு நலம். அலை விழுந்தால் அவள் வாயைத் திறக்க வேண்டும். அந்த வாய்க்குத்தான் சம்பளம்.

ஒருமுறை அப்படித் திறந்தாள். அறுவை நின்றது, எல்லோரும் காத்திருந்தார்கள், கடைசியில் பார்த்தால் ஒயர் கழன்றிருந்தது. பெரிய டாக்டர் பைசித் திட்டவில்லை. அழகாகச் சிரித்து, "பரவாயில்லம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. பெரியவர் முகம் வாடக் கூடாது என்று சோற்றோடு ஊட்டி வளர்க்கும் ஊரில், அந்தச் சிரிப்பு முள்ளாகத் தைத்தது.

அடுத்த மாதம் கம்மூன் என்கிற பெண்ணை மேசையில் கவிழ்த்துப் படுக்க வைத்த அன்று, பத்து நாற்பத்திரண்டுக்கு இடது கால் அலை படுத்துவிட்டது. மறுபடியும் புலி வருது என்று கத்தி அசிங்கப்படுவதா? ரம்பாய் துணிக்கு அடியில் குனிந்து ஒவ்வொரு ஊசியாகத் தடவினாள். எல்லாம் சரியாகவே இருந்தன. இன்னொரு முறையும் தடவினாள். பத்து நாற்பத்தாறுக்குத்தான், "டாக்டர், இடது கால் போயிடுச்சு" என்றாள். பைசித் உடனே திருகாணியைக் கழற்றினார். அலை பாதிதான் திரும்பியது.

நேரமெல்லாம் பதிவில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. கேட்காததே அவளைத் தின்றது.

மூன்று மாதம் கழித்து கம்மூன் தன் ஊர் லம்பூனிலிருந்து பஸ் ஏறி ரம்பாயைத் தேடி வந்தாள். ஏணி போட்டு லம்யாய் பழம் பறித்துப் பிழைக்கிறவள். இப்போது பாதம் தூக்க வராமல் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். கையில் பழக்கூடை. வயதில் மூத்தவள், இளையவளான ரம்பாய்க்கு முந்திக்கொண்டு கை கூப்பினாள்.

"ஒன் மிஷின் இல்லேன்னா ரெண்டு காலும் போயிருக்குமாமே. நீ மகராசியா இருக்கணும் தாயி."

ரம்பாய்க்குத் தாங்கவில்லை. கூடையைத் தொடாமலே அந்த நான்கு நிமிடத்தையும் சொல்லிவிட்டாள். கழன்ற ஒயர், டாக்டரின் சிரிப்பு, தன் வெட்கம், ஒன்றையும் விடவில்லை. உடனே சொல்லியிருந்தால் கால் முழுசாகத் திரும்பியிருக்குமா என்பது தனக்கும் தெரியாது என்றாள்.

கம்மூன் நாற்காலியில் உட்கார்ந்து, தேயும் பாதத்தைக் கையால் நேராக்கி வைத்தாள்.

"ஏணியக் கீழ புடிக்கிறவ, ஆடுச்சுன்னா கத்தணும்," என்றாள். "தோட்டக்காரரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது."

பிறகு கூடையை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்தாள். போகும்போது கை கூப்பவில்லை.