நாலு நிமிட வெயில்

எங்கள் மலைமேல், குண்டூர் நாட்டின் மேற்கு விளிம்பில், எங்கள் "குச்சிக்கெழங்கு" என்ற மரவள்ளிக் காட்டை ஒட்டி ஒரு பாறை இருந்தது. சாயங்காலம் அதில் உட்கார்ந்தால் பகல் முழுக்க ஏறிய சூடு பாவாடையைத் தாண்டி உறைக்கும். ஏழாம் வகுப்பு படித்த வருடம், நானும் செல்வியும் அங்கே உட்கார்ந்துதான் அதைக் கவனித்தோம்: கீழே அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் வெயில் போன பிறகும் எங்கள் முகத்தில் வெயில் இருந்தது.

அந்த வருட அரையாண்டுப் பரீட்சையில் பூமி உருண்டை என்பதற்குச் சான்று கேட்டார்கள். தூரத்தில் வரும் கப்பலின் உச்சிதான் முதலில் தெரியும் என்பது புத்தகத்தின் விடை. நாங்கள் கடலைப் பார்த்ததே இல்லை. பூமி தட்டையாக இருந்தால் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் பொழுது ஒன்றாகத்தானே மறைய வேண்டும், அது வளைந்திருப்பதால்தான் உயரத்தில் நிற்பவருக்குப் பிந்தி மறைகிறது என்று நான் எழுதினேன். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்திருந்த அறிவியல் ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து, வகுப்பில் உரக்கப் படித்துச் சிரித்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

செல்விதான் விடவில்லை. "அளந்தே காட்டிப்போடலாம், புள்ள" என்றாள். என் அப்பாவின் கடிகாரத்தையும் அவள் அண்ணனின் கடிகாரத்தையும் ரேடியோவைக் கேட்டு ஒன்றுபோல் வைத்தோம். சந்தைக்குப் போன தன் அம்மாவோடு அவளும் பஸ்ஸில் அடிவாரத்துக்கு இறங்கி, ஒரு கடலைக்காட்டில் நின்று, சூரியன் "முழுகிய" நேரத்தை நோட்டில் குறித்தாள். நான் பாறையில் நின்று குறித்தேன். மேலே நாலு நிமிடம் அதிகம்.

அடுத்த அறிவியல் வகுப்பில் அவளே எழுந்தாள்.

"சார், நானே பாத்தனுங்க. கீழ முன்னாலயே முழுகிருச்சுங்க. மேல இவ பாத்தாளுங்க."

"காட்டுல திரியறதுக எல்லாம் எனக்குப் பாடம் நடத்துதா?" என்று அவர் நோட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பாத்தியா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

செல்வி வெளியே போய் நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் அவள் அம்மா வந்து, "ஏனுங்க சார், கண்ணுல பாத்ததைச் சொன்னாத் தப்புங்களா?" என்று கேட்டார். "புத்தகத்துல இருக்கறதுதான் விடை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். செல்வி அப்புறம் பள்ளிக்கூடம் வரவே இல்லை. அந்த மனிதரோ மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றார்.

பாறை இன்று ஒரு விடுதியின் கம்பிவேலிக்குள் போய்விட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கே ஏற முடியாது. போன மாதம் மிளகு பறித்துக்கொண்டிருந்த செல்வியிடம் இதையெல்லாம் சொல்லி, அந்த ஆசிரியரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் கை நிற்கவில்லை.

"அந்தாளு பேசுனது எப்பவோ மறந்துபோச்சு, புள்ள. நீயும்தான பாத்த? பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."