தாய்மாமன் சீருக்குச் சுங்க வரி

இந்த ஊரில் சீர்வரிசை வீடு தேடி வராது, சுங்கச் சீட்டுதான் வரும். அயர்லாந்தின் கார்க் நகரத்துக்கு நான் நர்ஸாக வந்த புதிதில், தபால்காரர் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, மழையை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவார். துணி இறக்குமதி விதிகள் மாறிக்கொண்டே இருந்த வருடங்கள் அவை. திடீரென்று எங்களைப் போன்றவர்களின் சின்னப் பொட்டலங்களையும் எடுத்துவைத்து மதிப்புப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு வரம்பைத் தாண்டினால், உறவுக்காரர் அனுப்பிய பரிசானாலும் வரி கட்டித்தான் வாங்க வேண்டும். என் மகளுக்கு ஊரிலிருந்து வந்த பொட்டலத்துக்கான சீட்டில் வரித்தொகையைப் பார்த்த என் கணவர், "ஒங்கண்ணன் பாவாடை அனுப்பியிருக்காரா, பங்களா அனுப்பியிருக்காரா?" என்று கேட்டார்.

அண்ணன் செல்வராசுக்கு எங்கள் ஊரான குன்னத்தில், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை. அடுத்தவர் கொல்லையில் வெங்காயம் பிடுங்கிய குடும்பம் எங்களுடையது. எட்டாவதோடு நின்று அவர் மெஷினில் உட்கார்ந்ததால்தான் நான் திருச்சியில் நர்சிங் படித்தேன். பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் "ஏய் டைலர்" என்று அவரை அழைத்தவர்கள் உண்டு. அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான்.

என் மகளின் காதுகுத்துக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டிய காதை, இங்கே ஒரு கடையில் என் மடியில் வைத்துக் குத்தினோம். மடிதான் போயிற்று, சீரையாவது விடுவதா என்று அண்ணன் அரக்குச் சிவப்பில் பருத்திப் பாவாடையும் சட்டையும் தைத்துத் தபாலில் போட்டார். உள்ள விலையை மட்டும் எழுதுங்கள் என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். சீட்டு வந்ததும் மறுபடி கூப்பிட்டேன்.

"ஏண்ணே, அஞ்சாயிரம்னா எழுதுனீங்க?"

"பின்ன? போஸ்ட் ஆபீஸ்ல நாலு பேரு நிக்கிறாங்க. தாய்மாமன் சீரு முன்னூறு ரூவான்னு எழுதச் சொல்றியாம்மா? சபையில சீரைக் கொறச்சுச் சொன்னவன் எவனாச்சும் உண்டா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் சீர்த் தட்டை மேளம் கொட்டி எடுத்துவந்து, ஒன்றைப் பத்தாக்கித்தான் சொல்வார்கள். இங்கேயோ பத்தை ஒன்றாக்கிச் சொல்பவரைத்தான் விவரமானவர் என்கிறார்கள்.

சுங்க அலுவலகத்தில் நரைத்த தலை அதிகாரி ஒருவர் பாவாடையை மேசைமேல் விரித்தார். விற்பனைக்கா என்றார். நாலு வயது மகளுக்கு என்றேன். "நான்கு வயதுப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு துணி?" கரைக்கு மேலே உள்பக்கமாக அண்ணன் வைத்திருந்த மூன்று மடிப்புகளைக் காட்டி, பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிப்போம் என்றேன். அவர் யோசித்தார். "அப்படியானால் இது நான்கு பாவாடையா?" நாலுக்கும் வரி போட்டுவிடுவாரோ என்று, ஒன்றுதான் ஒன்றுதான் என்று அவசரமாகச் சொன்னேன்.

நல்ல மனிதர்தான். "சாதாரணப் பருத்திதானே, மதிப்பைத் தவறாக எழுதிவிட்டார்கள் என்று கையெழுத்துப் போடுங்கள், வரியில்லாமல் விட்டுவிடலாம்" என்று பேனாவையும் நீட்டினார். துணி என்ன விலை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த மடிப்புகளில் இழை பிசகாமல் ஓடிய தையலைப் பார்த்தேன். அண்ணனின் சீருக்கு மதிப்பில்லை என்று தங்கையே எழுதிக் கொடுப்பதா? மனசு ஒப்பவில்லை. "எழுதியது சரிதான்" என்று சொல்லி முழு வரியையும் கட்டினேன். வெட்டிச் செலவுதான். ஆனாலும் அன்றைக்கு நான் நிமிர்ந்து நடந்த மாதிரி இந்த ஊரில் அதற்கு முன் நடந்ததில்லை.

ரசீதின் நகலை அனுப்பினேன். அண்ணன் அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். "வெளிநாட்டு கவர்மெண்டே அஞ்சாயிரம்னு ஒத்துக்கிச்சும்மா. இனிமே எவன் ஏய் டைலர்ங்கிறான்னு பாக்குறேன்" என்றார். போனில் அவர் சிரித்த சிரிப்புக்கு அந்த வரி கொசுறு.

மகள் வளர்ந்துவிட்டாள். பாவாடை இந்த ஊர்த் தண்ணீரில் நனைந்து நனைந்து வெளுத்துப்போனது. பள்ளியில் அவரவர் நாட்டு உடையில் வரச் சொன்னார்கள் என்று போன வாரம் இரண்டாவது மடிப்பைப் பிரித்தேன். உள்ளே இருந்த துணி மட்டும், குன்னத்தில் கிளம்பிய அன்றைய சிவப்பில், பட்டையாகத் தெரிந்தது. பள்ளி வாசலில் டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்து, வேறு துணியை ஒட்டுப் போட்டிருக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டு அவர்கள் மொழியிலேயே சொன்னாள்:

"இல்லை மிஸ், ஒரே துணிதான். உள்ளே இன்னும் கொஞ்சம் இருக்கிறது."