மழை வரும்வரை லெஃப்ட் அவுட்

ஊரே மழைக்கு வேண்டிக்கொண்டிருந்த வருஷத்தில், மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட பாவி நான் ஒருவன்தான். எழுபதுகளின் தொடக்கம். தினமும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்த் தர்மபுரியில் கல்லூரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கால்பந்து அணியில் நான் லெஃப்ட் அவுட். இடது ஓரமாக ஓடிப் பந்தைக் கோல் முன்னால் தூக்கிப் போடுவது என் வேலை. அதற்கு அப்பா சம்மதித்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான்.

"மழ பெஞ்சிட்டா பந்த வுட்டுட்டு நீ வெதைப்புக்கு வந்துரணும். மத்த நாளெல்லாம் நீயாச்சு, உன் பந்தாச்சு" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. காரிமங்கலம் தாண்டி ரோட்டோரமாக எங்கள் கொல்லை. வானம் பார்த்த நிலம். மழை பெய்த ஈரத்தோடு நிலக்கடலை விதைத்தால் உண்டு, ஈரம் காய்ந்தால் அந்த வருஷம் போச்சு. மழை பெய்துவிட்டால் அவரவர் கொல்லையில் அவரவர் நிற்பார்கள், கூலிக்குக்கூட ஆள் வராது. அப்பாவுக்கு என்னை விட்டால் வேறு ஆண்பிள்ளையும் இல்லை.

ஆடி முழுக்க ஒரு சொட்டு விழவில்லை. எங்கள் அணிக்கோ அது நல்ல காலம். கல்லும் முள்ளுமாகக் காய்ந்த தரையில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள் நாங்கள். வந்த கல்லூரிகளையெல்லாம் வரிசையாகத் தோற்கடித்தோம். மைதானத்தின் ஒரு பக்கத்தை ஒட்டித்தான் கிருஷ்ணகிரி ரோடு போகும். காரிமங்கலம் வழியாக வருகிற பஸ்ஸின் கூரை நனைந்திருக்கிறதா, சக்கரத்தில் சேறு ஒட்டியிருக்கிறதா என்று, பந்து என் பக்கம் வராத நேரமெல்லாம் பார்ப்பேன். பையன்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "டேய், பஸ்ஸுக்கு வேர்த்திருக்குடா" என்று பொய்யாகக் கத்துவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிந்ததில்லை.

ஆவணியில் ஃபைனல். சேலத்திலிருந்து பூட்ஸ் போட்ட அணி வந்திருந்தது. அவர்கள் ஒரு கோல் போட்டார்கள், நாங்களும் ஒன்று போட்டோம். அது நான் தூக்கிப் போட்ட பந்தில் விழுந்தது என்பதை இங்கே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. இரண்டாம் பாதியில் வடக்கே வானம் கறுத்தது. சற்று நேரத்தில் ஒரு பஸ் வந்தது. கூரையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வரைக்கும் செம்மண் சேறு. இந்த முறை யாரும் கத்தவில்லை. அதற்குப் பிறகு நான் ஆடியது ஆட்டமே இல்லை.

ஆட்டம் டிராவில் முடிந்தது. மறுநாள் மூன்று மணிக்குத் திரும்ப ஆட வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் பி.டி. சாருக்குத் திட்ட மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, ரெண்டே ரெண்டு மணி நேரம் வந்துவிட்டுப் போடா, உன் அப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன் என்று கெஞ்சினார். மழை மேல் கோபம், அப்பா மேல் கோபம், இப்படிக் கெஞ்சுகிற அவர் மேலும் கோபம். அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

கோல்கீப்பர் மட்டும் என்னை வற்புறுத்தவில்லை. அவன் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. மழை பெய்தால் என்ன என்பது அவனுக்குத் தெரியும். தினமும் அவன் வீட்டுக்குப் போகிற பஸ் எங்கள் கொல்லையைத் தாண்டித்தான் போகும்.

"ஜெயிச்சா டிரைவரண்ணங்கிட்ட சொல்லி உங்க கொல்லகிட்ட நீட்டா ஹாரன் அடிக்கச் சொல்றன்டா" என்றான்.

"தோத்துட்டா?"

"தோத்துட்டா பஸ்ஸு பாட்டுக்குப் போவும்."

வீட்டில் இதை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அப்பா திண்ணையில் விதைக்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் ஏர் கட்டினோம். அப்பா முன் ஏர் ஓட்டிச் சால் பிடித்தார். ஏர் கீறிய அந்தச் சாலில் அம்மா கடலை போட்டுக்கொண்டே வந்தாள். நான் பின் ஏர் ஓட்டி அதை மூடினேன். அப்பாவின் சால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மூன்று மணிக்கு மேல் எனக்குக் கை கால் ஓடவில்லை. இந்நேரம் ஆரம்பித்திருப்பார்கள், இந்நேரம் இடைவேளை விட்டிருப்பார்கள், என் இடத்தில் எவன் ஓடுகிறானோ என்று மனசு அங்கேயே கிடந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தர்மபுரிப் பக்கமிருந்து பஸ் வரும்போதெல்லாம் முன் ஏர் நின்றது. மாட்டுக்கு மூச்சு வாங்குகிறது என்பார் அப்பா. நுகத்தடி சரியில்லை என்று தொட்டுப் பார்ப்பார். ஈரம் காய்கிறதே என்று காலையிலிருந்து எங்களை விரட்டிய மனுஷன்தான்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நீளமாக, விடாமல். நான் மேழியை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். ஓடும்போதே கத்தினேன். பார்த்தால் ரோட்டை அடைத்துக்கொண்டு ஓர் ஆட்டு மந்தை. பஸ்ஸில் கோல்கீப்பர் இல்லை. டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தேன். அப்பா ஏரை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தாள். முன் சால் ஓரிடத்தில் ரோட்டுப் பக்கமாக வளைந்துபோய், திரும்ப நேராகியிருந்தது. அம்மா அந்த வளைவிலும் கடலையைப் போட்டாள்.

இருட்டுகிற நேரத்துக்கு அடுத்த பஸ் வந்தது. மூன்று பேரும் நின்றோம். ஜன்னலோரம் கோல்கீப்பர் உட்கார்ந்திருந்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். பஸ் ஹாரன் அடிக்காமல் எங்களைத் தாண்டிப் போனது. அப்பா மாட்டை அதட்டினார்.

கடலை நன்றாகவே முளைத்தது. அந்த ஒரு வரிசை மட்டும் ரோட்டுப் பக்கம் கோணிக்கொண்டு நின்றது. தினமும் கல்லூரிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து அதைப் பார்ப்பேன். பக்கத்துக் கொல்லைக்காரருக்கு அது வாய்க்கு அவலாகக் கிடைத்தது. என்ன மாமா, உங்க சாலுமா கோணிக்கிச்சு என்று ஒருநாள் வரப்பில் நின்று கேட்டார்.

"மாடு மெரண்டுருச்சுப்பா" என்றார் அப்பா, என் பக்கம் பார்க்காமல்.